படலைச் சாத்திவிட்டு ஓடுங்கள்

ஷெஃபீல்ட், மான்செஸ்டர், டெர்பி, நாட்டிங்ஹாம் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே,

உங்களில் நிறையப் பேரை எனக்குத் தெரியும். பொங்கல் விழாவில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு வாசலில் காத்திருந்த நேரத்தில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். அந்தப் பேச்சில் இரண்டு விஷயம் தவறாமல் வரும். ஒன்று, யாருக்கெல்லாம் சர்க்கரை வந்திருக்கிறது என்பது. இன்னொன்று, ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டுப் போகாமல் இருப்பது. அப்போதெல்லாம் நான் சொல்ல நினைத்து, பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டதால் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதை இன்று எழுதியே விடுகிறேன்.

நம் வீட்டுக்கு இத்தனை பக்கத்தில் ஈடேல் இருக்கிறது. நீங்கள் ஏன் அங்கே ஓட வருவதில்லை?

ஷெஃபீல்டில் ரயிலேறினால் அரை மணிக்குச் சற்றுக் கூடுதல். மான்செஸ்டரிலிருந்து முக்கால் மணி. மேற்கேயிருந்து வந்தால், கௌபர்ன் சுரங்கத்தின் இருட்டிலிருந்து ரயில் நேராக இந்தப் பள்ளத்தாக்கில்தான் வெளியே வரும். நடுவே நோ என்ற சிற்றாறு. வடக்கே கிண்டர் ஸ்கௌட் என்ற பெரிய மேட்டுநிலம், தெற்கே மாம் டோர் தொடங்கி லோஸ் ஹில் வரை நீளும் மலைமுகடு. இரண்டுக்கும் இடையில் கல் அடுக்குச் சுவர்களும் ஆட்டு மந்தைகளும் ஐந்து சிறு குடியிருப்புகளும். அப்பர் பூத், பார்பர் பூத், கிரைண்ட்ஸ்புரூக் பூத், ஒல்லர்புரூக் பூத், நெதர் பூத். 'பூத்' என்றால் மாடு மேய்ப்பவர்கள் தங்கப் போட்ட கொட்டகை. நம் ஊர்ப் பெயர்களில் 'பட்டி' வருகிறதே, அதே கதைதான். மாட்டைக் கட்டிய இடத்தில் ஊர் முளைத்திருக்கிறது. பட்டியில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தப் பட்டிகள் மட்டும் ஏன் அந்நியமாகிப் போயின?

காரணம் கேட்டால் நீங்கள் சொல்லும் பதில்கள் எனக்கு மனப்பாடம். "அதெல்லாம் வெள்ளைக்காரங்க போற இடம்க்கா." "யாரோட நிலமோ, நாயை அவுத்து விட்டா?" "நம்மைப் பார்த்தா ஒரு மாதிரி பார்ப்பாங்க." இவற்றைச் சொல்பவர்கள் கோழைகள் அல்ல. இரவில் தனியாக வார்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள், மொழி தெரியாத நாட்டில் வந்து கடை போட்டவர்கள், போர் நடந்த மண்ணிலிருந்து பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். அத்தனையும் தாண்டி வந்தவர்கள் ஒரு வயல்வெளிக் கதவுக்கு முன்னால் தயங்கி நிற்கிறீர்கள். அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நானும் அங்கே நின்றவள்தான்.

பல வருடங்களுக்கு முன்னால், முதல்முறை தனியாக ஈடேலுக்குப் போனேன். கையில் வரைபடம் இருந்தது. ஊரைத் தாண்டி ஒரு சந்தில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தேன். எதிரே நாயோடு வந்த ஒரு பெண்மணி நின்று, வழி தவறி வந்துவிட்டேனா என்று கேட்டார். கேட்டதில் கோபமில்லை, அக்கறைகூட இருந்திருக்கலாம். எனக்கு முன்னால் அதே சந்தில் மூன்று பேர் ஓடிப் போனார்கள், அவர்களை அவர் கேட்கவில்லை. எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டு ரயிலடிக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. ஜிம்மில், சுவரைப் பார்த்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஓடினேன்.

அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. நான் நின்ற அந்தச் சந்து எனக்கும் உரியது என்று அன்று எனக்குத் தெரியாது. அது உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இந்த மடல்.

தெற்கு முகட்டில் ஹாலின்ஸ் கிராஸ் என்று ஒரு கணவாய் இருக்கிறது. ஈடேலில் தனித் தேவாலயம் கட்டுவதற்கு முன், ஊரில் யாராவது இறந்தால் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து இந்த வழியாகத்தான் முகட்டுக்கு அந்தப் பக்கமுள்ள காசில்டன் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஈடேலில் பஞ்சாலை வந்தபோது, காசில்டன் பக்கத்துப் பெண்கள் இதே முகட்டை ஏறி இறங்கி வேலைக்கு வந்தார்கள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதே என்று மூச்சிரைக்க ஏறிய பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் நமக்குத் தூரத்துச் சொந்தம் போலத் தெரிவார்கள். இன்று அழகுக்காக நாம் ஓடும் பாதை, பிழைப்புக்காகவும் சாவுக்காகவும் மனிதர் கால் பட்டுப் பட்டு உண்டானது. ஒற்றையடிப் பாதை என்று நம் மொழி சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறது.

வடக்கே கிண்டரின் கதை வேறு. அந்த மேட்டுநிலம் முழுவதும் பணக்காரர்கள் பறவை சுட்டு விளையாடுவதற்காக அடைத்து வைக்கப்பட்டிருந்தது. வருடத்தில் சில நாள் வேட்டைக்காக, மீதி நாளெல்லாம் காவலாளிகள் தடியோடு நின்றார்கள். மான்செஸ்டர், ஷெஃபீல்ட் ஆலைத் தொழிலாளிக்கு வாரத்தில் கிடைத்த ஒரே நாள் ஞாயிறு. அந்த ஞாயிற்றில் புகையில்லாத காற்றைச் சுவாசிக்க அவர்களுக்கு வழியில்லாமல் மலை மூடிக் கிடந்தது. 1932 ஏப்ரல் 24, ஒரு ஞாயிறு. ஹேஃபீல்ட் பக்கமிருந்து சில நூறு பேர் மலையேறினார்கள். ஷெஃபீல்டிலிருந்து வந்த இன்னொரு குழு நம் ஈடேல் வழியாக ஏறி மேலே அவர்களைச் சந்தித்தது. இறங்கி வந்ததும் போலீஸ் பிடித்தது. டெர்பி நீதிமன்றம் ஐந்து இளைஞர்களுக்கு இரண்டு முதல் ஆறு மாதம்வரை சிறைத்தண்டனை கொடுத்தது.

அவர்களுக்குத் தலைமை தாங்கிய பென்னி ராத்மனுக்கு அப்போது வயது 20. மான்செஸ்டரில் பிறந்தவர். ருமேனியாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. 'இது வெள்ளைக்காரங்க இடம்' என்று சொல்கிறீர்களே, அந்த மலையைத் திறக்கச் சிறைக்குப் போனவர் வந்தேறிகளின் மகன். ஆளுக்கேற்ற பெயரில்லை, ஊருக்கேற்ற முகமில்லை என்று அவரையும் பார்த்திருப்பார்கள். அவர் திரும்பிப் போகவில்லை. பொய் சொல்லிவிட்டு ரயிலடிக்குத் திரும்பிய என்னை நினைத்து, அவர் கதையைப் படித்த அன்று நான் அழுதேன்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட் நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. 1965 ஏப்ரல் 24 அன்று ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லை தாண்டி முடியும் 268 மைல் பென்னைன் வழி திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேட்டுவெளி, புதர்க்காடு, பொதுமேய்ச்சல் நிலம் என்று வரைபடத்தில் குறித்த இடங்களில் யாரும் பாதையை விட்டு விலகியும் காலால் போகலாம் என்றது. நடையும் அதில் அடக்கம், ஓட்டமும் அடக்கம். 2002இல், கிண்டர் நடையின் 70ஆம் ஆண்டு நினைவில், அந்த நிலத்துக்கு அன்று சொந்தக்காரராக இருந்த டெவன்ஷயர் பிரபுவின் பேரன் மக்கள் முன்னால் நின்று வருத்தம் தெரிவித்தார்.

இனி நீங்கள் பயப்படும் 'யாரோட நிலமோ' என்ற கேள்விக்கு வருகிறேன். நிலம் விவசாயியுடையது, அதில் சந்தேகமே வேண்டாம். அதன் குறுக்கே போகும் பொதுப்பாதையில் நடக்கும் உரிமை எல்லோருடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படி ஏறக்குறைய 1,40,000 மைல் பொதுவழி இருக்கிறது. மஞ்சள் அம்புக்குறி போட்டிருந்தால் கால்நடையாகப் போகும் பாதை. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம், நாமும் போகலாம். ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சைப் புள்ளிக்கோடாக அத்தனையும் அச்சாகியிருக்கிறது. ஈடேலுக்கு ஓஎல்1 என்ற தாள். அந்தப் பச்சைக் கோட்டின் மேல் நிற்கும்போது நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கடவுச்சீட்டின் நிறமும் விசாவின் வகையும் அங்கே கணக்கில் வராது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஒரு வழியைப் பொதுமக்கள் ஒளிவுமறைவு இல்லாமல், தடை இல்லாமல் 20 வருடம் பயன்படுத்தினால் அது பொதுவழி என்று கருத இந்த நாட்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. மாறாக, யாரும் போகாத பாதையில் முள் மூடும், பலகை சாயும், பிறகு வரைபடத்திலும் அது கேட்பாரற்றுப் போகும். பதிவில் ஏறாத பழைய பாதைகளைத் தேடி ராம்ப்ளர்ஸ் என்ற நடையர் அமைப்பின் தன்னார்வலர்கள் பழைய வரைபடங்களைப் புரட்டி, 49,000 மைலுக்கு மேல் கண்டெடுத்தார்கள். அவற்றைப் பதிய முதலில் 2026 கெடு, பின்பு 2031 கெடு என்று இருந்தது. அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக அரசு 2024 டிசம்பரில் அறிவித்தது. விடாமல் கேட்ட மக்களால் வந்தது அந்த அறிவிப்பு. இந்தப் பாதைகளைக் காப்பாற்றும் கூட்டத்தில் நம் முகம் எத்தனை இருந்தது? விரல் விட்டு எண்ணிவிடலாம். உரிமையை மட்டும் அனுபவிக்கும் இடத்தில்கூட நாம் இல்லை. இது எனக்கு வருத்தம். உங்கள்மேல் உள்ள உரிமையில் சொல்கிறேன்.

உடம்புக் கணக்கையும் பார்ப்போம். இங்கே வாழும் தெற்காசியர்களுக்குச் சர்க்கரை நோய் சீக்கிரம் வருகிறது, ஒல்லியான உடம்பிலும் வருகிறது. அதனால்தான் வெள்ளையருக்கு உடல் எடைக் குறியீடு 25இல் தொடங்கும் எச்சரிக்கை நமக்கு 23லேயே தொடங்குகிறது. எனக்கு 'பார்டர்ல இருக்கு' என்று மருத்துவர் சொன்னபோது நான் ஜிம் உறுப்பினர்தான். மாதாமாதம் பணம் போனது, சர்க்கரை குறையவில்லை. ஏனென்றால் நான் போகவில்லை. போனாலும் இருபது நிமிடத்தில் அலுத்துவிடும். வயல்வெளியில் அலுக்காது. ஏற்றம் வந்தால் நடக்கிறோம், சமவெளி வந்தால் ஓடுகிறோம், ஓடை வந்தால் நின்று பார்க்கிறோம். முடிந்து கடிகாரத்தைப் பார்த்தால் ஒரு மணி நேரம் போயிருக்கும்.

"எனக்கு ஓடவே வராதே" என்பீர்கள். இங்கே ஜாகிங் என்றால் பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே போகும் வேகம். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம், நடங்கள். சுகாதாரத் துறையின் 'கௌச் டு 5கே' திட்டம் ஒன்பது வாரத்தில், வாரத்துக்கு மூன்று நாள் என்று, உட்கார்ந்தே இருந்தவரையும் ஐந்து கிலோமீட்டர் ஓட வைக்கிறது. அதை வீட்டருகே பூங்காவில் முடியுங்கள். பிறகு வாருங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "இந்த வயசுல ட்ராக் பேன்ட் போட்டுக்கிட்டு ஓடறதா" என்று கேட்கும் குரல் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஈடேலில் ஜனவரிக் குளிரில் தொடங்கி 268 மைலும் ஓடும் ஸ்பைன் பந்தயத்தை 2019இல் ஆண்களையும் சேர்த்து முந்தி வென்றவர் ஜாஸ்மின் பாரிஸ். 83 மணி 12 நிமிடம். வீட்டில் பால்குடிக்கும் குழந்தை. வழியில் நிற்குமிடங்களில் பால் பீய்ச்சி எடுத்துவிட்டு ஓடினார். அவர் புறப்பட்ட அதே ஊரிலிருந்து நான் உங்களைக் கேட்பது ஆறு கிலோமீட்டர். அதிலும் பாதி நடக்கலாம்.

அந்த ஆறு கிலோமீட்டரைச் சொல்கிறேன். ரயிலடியிலிருந்து ஊருக்குள் ஏறும் சாலையில் நேராகப் போங்கள். தேவாலயம் தாண்டி, ஓல்ட் நாக்ஸ் ஹெட் என்ற பழைய சத்திரத்துக்கு எதிரே பென்னைன் வழி தொடங்குகிறது. இடப்பக்கம் திரும்பி, மரங்கள் கவிந்த பள்ளத்துப் பாதையில் ஓடையோரம் கொஞ்ச தூரம். பிறகு வேலிக்கதவைத் திறந்தால் வானம் முழுவதும் உங்களுக்கு. மலையடிவாரத்தைத் தொட்டபடி புல்வெளிக்குக் குறுக்கே பாதை மெல்ல ஏறி, அப்பர் பூத் பண்ணையில் இறங்கும். அங்கிருந்து பார்பர் பூத் வரை சின்னச் சாலை. பின்பு தண்டவாளத்தை ஒட்டிய வயல்பாதை ரயிலடியிலேயே கொண்டுவந்து விடும். ஏற்றம் குறைவு, வழி தவறும் இடம் ஏறக்குறைய இல்லை. ஓடத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

அது பழகிவிட்டால் கிழக்கே போங்கள். ஒல்லர்புரூக் வழியாக நெதர் பூத் வரை வயல்களும் பண்ணை முற்றங்களும் மாறி மாறி வரும். போன வழியே திரும்பினால் ஐந்து கிலோமீட்டர் அளவு. காலை வெயிலில் எதிர் முகடு முழுவதும் பொன்னாகத் தெரியும் பாதை அது.

மூன்றாவது, எனக்கு உயிரான வழி. ஈடேல் ரயிலடியில் இறங்கி, ஹாலின்ஸ் கிராஸ் ஏறி, முகட்டின் மேல் கிழக்கே பேக் டோர் தாண்டி லோஸ் ஹில் உச்சிக்குப் போய், அந்தப் பக்கம் ஹோப் ஊருக்கு இறங்கி அடுத்த ரயிலடியில் வண்டியேறலாம். ஒன்பது பத்து கிலோமீட்டர். ஏற்றத்தில் எல்லோரும் நடப்பார்கள், வெட்கமே வேண்டாம். முகட்டில் ஏறியதும் திரும்பி மேற்கே பாருங்கள். அங்கே 517 மீட்டர் உயரத்தில் மாம் டோர். தாய்மலை என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். உச்சியில் பழங்காலக் கோட்டையின் மண்மேடு. கிழக்குப் பக்கம் சரிந்துகொண்டே இருக்கும் மண், 1979இல் ஒரு நெடுஞ்சாலையையே மூட வைத்துவிட்டது. நீங்கள் போய்ச் சேரும் லோஸ் ஹில் உச்சிக்கு வார்ட்ஸ் பீஸ் என்று ஒரு பெயர் உண்டு. ஷெஃபீல்ட் தொழிலாளர்களை ஞாயிறுதோறும் மலைக்கு அழைத்துப்போன ஜி.எச்.பி. வார்ட் என்பவருக்கு 1945இல் நடையர்கள் அந்த நிலத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அதைப் பெற்று நேஷனல் டிரஸ்டிடம் எல்லோருக்குமாகக் கொடுத்துவிட்டார்.

ஜேக்கப்ஸ் லேடர் என்ற ஏற்றத்தில் ஏறிக் கிண்டர் மேலே போகும் வழியை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். 636 மீட்டர் மேட்டில் மேகம் இறங்கினால் பத்தடிக்கு முன்னால் தெரியாது. வரைபடமும் திசைகாட்டியும் பழகியவர் கூட இருந்தால் மட்டும் போங்கள். அங்கே மேலே, சதுப்பில் கால் புதையாமலிருக்கக் கல் பாவிய இடங்கள் பென்னைன் வழியில் உண்டு. அந்தக் கற்களில் பல, இடித்த பஞ்சாலைகளின் தரைக்கற்கள். குனிந்து பார்த்தால் சிலவற்றில் இயந்திரத்தை முடுக்கி வைத்த துளைகள் இருக்கும், மழைநீர் தேங்கி நிற்கும். ஒரு காலத்தில் மூச்சுமுட்ட வேலை செய்த இடத்தின் தரை, இன்று மலைமேல் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது.

நீங்கள் வர வேண்டும் என்று இத்தனை ஆசையாகக் கேட்கிற நான், எப்படி வர வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். போன கோடையில் முகட்டில் நம்மவர்கள் கூட்டமாக வந்ததைப் பார்த்தேன். முதலில் மனசு நிறைந்தது. பிறகு ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. இறங்கும் வழியில் ஒரு வேலிக்கதவு ஆவென்று திறந்து கிடந்தது, ஆடுகள் பாதைக்கு வந்துவிட்டிருந்தன. பக்கத்தில் ஒருவர் புல்மேல் அடுப்பு மூட்டிக் கோழி சுட்டுக்கொண்டிருந்தார். இதை எல்லா இனத்தவரும் செய்கிறார்கள், நம்மவர் மட்டும் அல்ல. ஆனாலும் நான் உங்களுக்குத்தானே எழுத முடியும்?

கிண்டர் மேட்டுநிலம் பீட் எனும் கரிய மக்கு மண். காய்ந்தால் மண்ணே எரியும், அடியிலேயே புகைந்துகொண்டு போகும். 2018 ஜூனில் மான்செஸ்டருக்குப் பக்கத்து சாடில்வொர்த் வெளியில் பிடித்த தீ வாரக்கணக்கில் எரிந்தது, ராணுவத்தை அழைக்க வேண்டியிருந்தது. தரையில் கூடு கட்டும் கர்லூ பறவை, குளிர்காலத்தில் வெள்ளையாக மாறும் மலைமுயல் எல்லாம் இந்த மேட்டுவெளிகளில் வாழ்கின்றன. இங்கிலாந்தில் அந்த முயல் இந்தப் பீக் பகுதியைத் தவிர வேறெங்கும் கிடையாது. சோற்றுப் பொட்டலம் கொண்டுவாருங்கள், நெருப்பு வேண்டாம்.

ஆடு மாடு விஷயத்தில் நாம் யாரிடமும் பாடம் படிக்க வேண்டியவர்கள் இல்லை. அதை எனக்கு நினைவுபடுத்தியது என் அம்மா. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். சேலைக்குக் கீழே என் பழைய ஓட்டக் காலணியை மாட்டிக்கொண்டு என்னோடு அப்பர் பூத் பாதைக்கு வந்தார். நான் கொஞ்சம் ஓடுவேன், நின்று காத்திருப்பேன். அம்மா வரப்பில் நடப்பதுபோல் ஓர் அடிக்கு நேர் முன்னால் இன்னோர் அடி வைத்து, புல்லை மிதிக்காமல் பாதையின் நடுவிலேயே வந்தார். கன்றோடு நின்ற மாட்டைப் பார்த்ததும் கையைப் பிடித்து என்னை நிறுத்தினார். "ஓடாதட்டி, தாய்மாடு. சுத்திப் போ." தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் புகாமல், சத்தமில்லாமல், அகலமாக ஒரு வளைவு எடுத்து நடந்தோம். இந்த நாட்டு வழிகாட்டிப் புத்தகமும் அதையேதான் சொல்கிறது.

அடுத்த வேலிக்கதவில் நான் முந்திக்கொண்டு போய்விட்டேன். பின்னால் இரும்புக் கொண்டி விழும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அம்மா கதவை இழுத்து, கொண்டியை மாட்டி, மாட்டியது பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, படலைச் சாத்திட்டு வரணும்லா? அவன் ஆடு என்ன ஆவும்?" ஆங்கிலத்தில் எழுதியிருந்த பலகையை அம்மா படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இல்லை. இந்த ஊரார் நம்மிடம் எதிர்பார்க்கும் அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அங்கிருந்த விவசாயி டிராக்டரிலிருந்து கையை உயர்த்தினார். அம்மாவும் உயர்த்தினார். வழி தவறிவிட்டீர்களா என்று அன்று யாரும் கேட்கவில்லை.

ஆகவே, என் வேண்டுகோள் இதுதான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள். முதல் முறை ஈடேலின் அந்த ஆறு கிலோமீட்டர். வண்டியில் வந்து சாலையோரத்தை அடைக்காமல் ரயிலில் வாருங்கள். ஐந்தாறு பேராக வாருங்கள், முப்பது பேராக வேண்டாம். பள்ளத்திலும் சேற்றிலும் வழுக்காத அடியுள்ள காலணி, மழைச்சட்டை, தண்ணீர், தின்ன ஏதாவது, ஒரு விசில், காகித வரைபடம் எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் செல்போன் எடுக்காது. ஆபத்தென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதுங்கள். அல்லது 999இல் போலீஸைக் கேட்டு மலை மீட்புக் குழுவை வரச் சொல்லுங்கள். வருபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், அவர்களுக்குத் தேவையில்லாத அலைச்சலைக் கொடுக்காதீர்கள். ஆட்டுக்குட்டி பிறக்கும் இளவேனிலில் மந்தை அருகே ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். நாய் வைத்திருந்தால் கயிற்றில் பிடியுங்கள். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த மேட்டுவெளியில் அது சட்டமும்கூட.

இரண்டாம் மாதத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு மிக அருகில் உள்ள பச்சைக் கோட்டைத் தேடுங்கள். டெர்பியில் இருந்தாலும் நாட்டிங்ஹாமில் இருந்தாலும் ஊர் விளிம்பில் ஒன்று நிச்சயம் இருக்கும். அது முள்மூடிக் கிடந்தால், உழுது அழித்திருந்தால், கதவு பூட்டியிருந்தால், திரும்பி வந்து மறந்துவிடாதீர்கள். படமெடுத்து, இடம் குறித்து, உங்கள் கவுன்சிலின் பொதுவழிப் பிரிவுக்கு எழுதுங்கள். பாதையைத் திறந்து வைப்பது அவர்கள் கடமை, சொல்வது நம் கடமை. பென்னி ராத்மன் அதற்குச் சிறைக்குப் போனார். நமக்கு ஒரு மின்னஞ்சல் போதும்.

மூன்றாவது, வரும்போது ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். புதிதாக வந்து, அறையிலேயே அடைந்து கிடக்கும் மாணவராக இருக்கலாம். இரவுப் பணி செய்து செய்து பகலையே மறந்த நர்ஸாக இருக்கலாம். ஊரிலிருந்து வந்து நான்கு சுவருக்குள் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் உங்கள் அப்பா அம்மாவாக இருக்கலாம். அவர்கள் வேலிக்கதவுக்கு முன்னால் தயங்குவார்கள், 'போகலாமா?' என்று உங்களைப் பார்ப்பார்கள். போகலாம் என்று சொல்லுங்கள். மஞ்சள் அம்பைக் காட்டுங்கள். அவர்களை முன்னால் விடுங்கள்.

நீங்கள் கடைசியாக வந்து, படலைச் சாத்தி, கொண்டி பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு ஓடுங்கள்.

அன்புடன்,
ஷெஃபீல்டிலிருந்து உங்கள் சகோதரி